அந்த அஞ்சுக்குள்ள மூணு

டேய் மாப்ள,

எப்படி இருக்க? போன வாரம் நீ போன் பண்ணப்ப ரிகர்சல்ல இருந்தேன் டா, எடுக்க முடியல, அதான் நிதானமா உக்காந்து எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பொண்ணு செல்லோ ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு, வீடு முழுக்க அந்த சத்தம்தான், கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு.

சரி, நீ கேட்ட டியூப்லெட் பிரச்சனைக்கு வரேன், அதான் நாலு நோட்டுக்கான நேரத்துக்குள்ள அஞ்சு நோட்டை சமமா அடைக்கற மாதிரி எழுதறது. அஞ்சு நோட் அடிச்சா கடைசி நோட் அடுத்த பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) ஓடிடுதுன்னியே, நானும் அங்கதான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். நோட்டை முதல்ல போடாத, மொத்தம் எவ்வளவு இடம்ங்கறதை முதல்ல முடிவு பண்ணு. மியூஸ்ஸ்கோர்ங்கற நோட் எழுதற சாஃப்ட்வேர்ல ஒரு ஹாஃப் ரெஸ்ட்டை (ஹாஃப் நோட் நீளத்துக்கான மௌன அடையாளம்) செலக்ட் பண்ணி கண்ட்ரோல் 5 அடி, நாலு எய்ட்த் (ஹாஃப்ல கால்வாசி நீள நோட்) இருக்கற இடத்துல அஞ்சு எய்ட்த் வந்து நிக்கும், அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமா நிரப்பிக்கோ. இன்னொரு சாஃப்ட்வேரான டோரிகோன்னா அரைப்புள்ளி (;) கீயை அழுத்தி 5:4னு டைப் பண்ணு, நீ நிறுத்தற வரைக்கும் டியூப்லெட்டாவே போகும், பார் கோட்டைத் தாண்டினாலும் தாங்கும். 7:4னு பாத்தா எல்லாருக்கும் அந்த ஏழுதான் கண்ணுல படுது, ஆனா பிடிச்சுக்க வேண்டியது நாலைத்தான்.

உன் ரெண்டாவது வயலின்ல வர்ற அந்த அஞ்சுக்குள்ள மூணு இருக்கே, அதுக்கு கடைசி ரெண்டு எய்ட்த்துக்கு பதிலா ஒரே க்வார்ட்டர் (ரெண்டு எய்ட்த் நீள நோட்) போட்டு, அதை மட்டும் செலக்ட் பண்ணி மியூஸ்ஸ்கோர்ல கண்ட்ரோல் 3 அடி. அவ்வளவுதான், அந்த மூணுல ஒவ்வொண்ணும் ஹாஃப் நோட்டுல 15ல 2 பங்கு. ஆனா சாஃப்ட்வேர் வாசிச்சுக் காட்டற ப்ளேபேக்கை மட்டும் நம்பாத டா, அது எதைக் கொடுத்தாலும் வாசிச்சுடும். முதல்ல "தகிட தக"ன்னு சீரா சொல்லு, அப்புறம் கடைசி "தக" விழற நேரத்துக்குள்ள "தகிட" சொல்லிப் பாரு. நாக்குக்கு வந்துச்சுன்னா வாசிக்கறவங்க வில்லுக்கும் வரும், வரலன்னா அந்த இடத்தை மாத்தி எழுதறதுதான் அவங்களுக்கு நாம செய்யற மரியாதை.

ஆங், இன்னொண்ணு, மியூஸ்ஸ்கோர்ல அந்த நோட்டுகளுக்கு மேல இருக்கற 5ங்கற நம்பரை செலக்ட் பண்ணி டெலீட் அடிச்சுடாத, மொத்த நோட்டும் போய் ரெஸ்ட் வந்து நிக்கும். நம்பர் தெரியவேண்டாம்னா ப்ராப்பர்ட்டீஸ்ல மறைச்சுக்கலாம்.

அந்த பக்கத்தை மட்டும் ஃபைலா அனுப்பு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பொண்ணு தூங்கினதும் சொல்லிப் பாத்துட்டு போன் பண்றேன்.