அமெரிக்காவின் ஓரிகனில் குட்டி விமானம் ஓட்டும் என் அத்தை மகனுக்கு

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய வீடியோவை அத்தை ஊரில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டார். அதனால் பதிலையும் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் ஹில்ஸ்பரோவில் நாலு பேர் உட்காரும் குட்டி விமானமான செஸ்னா 172 ஒன்றை வாடகைக்கு எடுத்து, தங்கச்சியையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு, மெக்மின்வில்லில் போய் இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விமான மியூசியத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் டீக்கு வீட்டுக்கு வந்துவிட்டாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் கேமராவைப் பார்த்து "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?" என்று சிரித்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மேப்பில் அளந்து பார்த்தேன். நீ பறந்த தூரம் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஓசூரை அடுத்து பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் இருக்கிறதே, அங்கிருந்து பெங்களூரில் அரசு விமானக் கம்பெனி எச்.ஏ.எல்.லின் பழைய ஏர்போர்ட் அதைவிடக் கிட்டே, 35 கிலோமீட்டர்தான் வரும். அந்த ஏர்போர்ட் பக்கத்திலேயே எச்.ஏ.எல்.லின் விமான மியூசியம். நீ பார்த்த மெக்மின்வில் எவர்கிரீன் மியூசியம் திறந்ததும் 2001, இது திறந்ததும் 2001. பேளகொண்டப்பள்ளி ஓடுதளமும் லேசுப்பட்டதில்லை, சுமார் 7,000 அடி, மெக்மின்வில்லில் நீ இறங்கியதைவிட நீளம். தொண்ணூறுகளில் தனேஜா கம்பெனிக்காரர்கள் அங்கேயே இத்தாலி நாட்டு பி68 விமானத்தைச் செய்தார்கள், இரட்டை எஞ்சின், ஆறு பேர் உட்காரலாம். தளி ரோட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகிறவனுக்கு மதில் சுவர்தான் தெரியும், உள்ளே இவ்வளவு நடந்தது தெரியாது.

ஆக இந்தப் பக்கம் ஓடுதளம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஓடுதளமும் மியூசியமும் இருக்கின்றன. நடுவில் பறக்கத்தான் ஆள் இல்லை.

நீ சொன்னதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது விமானம் இல்லை, உன்னை யாரும் எதுவும் கேட்காததுதான். ஹில்ஸ்பரோவில் கட்டுப்பாட்டு டவரில் பேசிவிட்டுக் கிளம்பினாய், மெக்மின்வில்லில் டவரே கிடையாது, "இதோ வருகிறேன், இந்த ஓடுதளத்தில் இறங்குகிறேன்" என்று பொது அலைவரிசையில் நீயே அறிவித்துவிட்டு இறங்கினாய். இங்கே கிளம்புவதற்கு முன்னால் பிளைட் பிளான் கொடுக்கணும், வானிலை விவரம் வாங்கணும், அப்புறம் வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்று, விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண் ஒன்று, இவ்வளவும் கையில் வந்தால்தான் சக்கரம் தரையை விட்டு எழும்பலாம். போய் இறங்கும் இடமோ போர் விமானங்களைச் சோதனை பண்ணிப் பார்க்கிற இடம். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது ஏர்போர்ட் திறந்ததும் பயணிகள் விமானமெல்லாம் அங்கே போய்விட்டது, ஆனால் பழைய ஏர்போர்ட்டின் சோதனைப் பறப்பு நின்றபாடில்லை. தேஜஸ் போர் விமானம் ஏறி இறங்கும் ஓடுதளத்தில், மியூசியம் பார்க்க வந்தேன் என்று ஒருத்தன் குட்டி விமானத்தோடு வந்து நின்றால் யார் விடுவார்கள்? அதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

லைசென்ஸ் விஷயத்தில் பார்த்தால் விதி இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனியார் பைலட் லைசென்ஸுக்கு உனக்கும் 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, இங்கேயும் அதேதான். ஆனால் இங்கே பறக்கக் கற்கப் போகிற பிள்ளைகள் அநேகமாக எல்லாருமே 200 மணி நேரம் முடித்து ஏர்லைனில் வேலைக்குச் சேர்வதற்காகப் போகிறார்கள், அதற்கு அப்பா நிலத்தை விற்கிறார். லீவு நாளில் குடும்பத்தோடு சுற்றிவரலாம் என்று விமானம் ஓட்டக் கற்றவர் ஒருவரைக்கூட நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பார்த்ததில்லை. அப்படியே ஒருவர் கற்றுக்கொண்டாலும் குட்டி விமானத்துக்கான பெட்ரோல், அந்த அவ்காஸ், எல்லா ஏர்போர்ட்டிலும் கிடைக்காது.

இன்னொன்று, நீ ஓட்டுவதாக இருந்தாலும் இங்கே உன் கணக்கு மாறும். ஹில்ஸ்பரோ கடல் மட்டத்திலிருந்து வெறும் இருநூறு அடி உயரம். ஓசூர் ஓடுதளமே 3,000 அடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்திரை வெயில் 35 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகி, எஞ்சினுக்கும் இறக்கைக்கும் 6,000 அடியில் இருப்பது போலத்தான் தெரியும். தங்கச்சி, பாப்பா, பெட்டி, கூடவே கிருஷ்ணகிரி மாம்பழக் கூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஓடுதளத்தில் எவ்வளவு தூரம் ஓடணும் என்று முதலில் விமானத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன். நீ படம் பிடித்த அந்த மர விமானம், ஹோவர்டு ஹியூஸ் செய்தது, என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. 320 அடி இறக்கை, எட்டு எஞ்சின், போர்க்காலத்தில் அலுமினியம் தரமாட்டோம் என்றதால் பெரும்பாலும் பிர்ச் மரத்திலேயே செய்து முடித்திருக்கிறார்கள். முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. 1947 நவம்பர் 2-ஆம் தேதி தண்ணீருக்கு மேலே எழுபது அடி உயரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்தது, அவ்வளவுதான், மறுபடி பறக்கவே இல்லை. அதற்கு அரண்மனை மாதிரி ஒரு கட்டடம்! பக்கத்திலேயே வாட்டர் பார்க், அதன் கூரைமேல் ஒரு நிஜ போயிங் 747, அதற்குள்ளிருந்து பிள்ளைகள் சறுக்கி வருகிறார்கள். அமெரிக்காக்காரனுக்குப் பொருளைக் காட்டத் தெரியும்.

மியூசியத்தில் இருக்கும் எஸ்.ஆர்.71 உளவு விமானத்தை நீ வீடியோவில் நாலு நொடியில் தாண்டிவிட்டாய், எனக்கு அதுதான் முக்கியம். என்னைப் போன்ற லேத் பட்டறைக்காரன் கண்ணுக்கு அது பெரும்பாலும் டைட்டானியம். அந்த உலோகத்தைக் கடைந்து பார்த்தவனுக்குத்தான் வலி தெரியும், சூடு உலோகச் சீவலோடு வெளியே போகாமல் டூல் முனையிலேயே தங்கி, வெட்டும் முனையான இன்செர்ட்டைத் தின்றுவிடும். அறுபதுகளில், இப்போதிருக்கிற மெஷின் எதுவும் இல்லாமல், கிட்டத்தட்ட ஒரு முழு விமானத்தையே அதிலே செய்திருக்கிறார்கள். அடுத்த முறை போனால் ரிவெட் வரிசையைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

இப்போது நம்ம பக்கத்து மியூசியம். அரண்மனை மாதிரி கட்டடம் எல்லாம் கிடையாது, விமானங்கள் பெரும்பாலும் வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. ஆனால் அவை உழைத்த விமானங்கள். எச்.ஏ.எல். வடிவமைப்பாளர் காட்டகேயின் தலைமையில் வடிவமைத்து 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.2 பயிற்சி விமானத்தில்தான் நம் விமானப்படையின் எத்தனையோ பைலட்டுகள் பாலபாடம் படித்தார்கள், கானா நாடுகூட அதை வாங்கியது. 1958-இல் பறந்த புஷ்பக்கைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய், இரண்டே சீட், துணி போர்த்திய உடம்பு, 90 குதிரைசக்தி, உன் செஸ்னாவில் ஏறக்குறைய பாதி. இந்தியாவின் ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை அதில்தான் பறக்கக் கற்றது. ஆக, அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கும் உன்னைப் போல ஒரு குட்டி விமானம் இருந்திருக்கிறது, அதுவும் 35 கிலோமீட்டரில் செய்தது.

அப்புறம் மாருத் போர் விமானம். ஜெர்மானியர் குர்ட் டாங்க் வந்து வடிவமைத்தது, 1961-இல் பறந்தது, 1971 போரில் லோங்கேவாலாவில் சண்டை போட்டது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கென்று உடம்பைச் செய்துவிட்டார்கள், அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை அமையவில்லை. அதைப் பார்த்த கண்ணோடு உள்ளே போய், குறுக்கே வெட்டி வைத்திருக்கும் எஞ்சின்கள் முன்னால் நில், எஞ்சினுக்குள் சுழலும் ஒவ்வொரு பிளேடையும் செய்வது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்கிறேன். எனக்கு அங்கே அரை நாள் பத்தாது.

ஓசூருக்குப் பெரிய ஏர்போர்ட் வரும் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூர் ஏர்போர்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புதிது கூடாது என்று 2033 வரை ஒரு நிபந்தனை இருக்கிறது, அது என்ன ஆகிறதோ பார்க்கலாம். வந்தாலும் குட்டி விமானத்துக்கு ஒரு மூலை ஒதுக்குவார்களா என்பதுதான் என் கவலை.

டிசம்பரில் வரும்போது மாலுக்குப் போகலாம் என்று பிளான் போடாதே. விடியற்காலையில் கிளம்பி அத்திப்பள்ளியைக் கூட்டம் சேர்வதற்குள் தாண்டிவிடுவோம், சில்க் போர்டில் இறங்கி மாரத்தஹள்ளிக்கு டவுன் பஸ். அந்தக் கடைசித் தூரத்துக்கே நீ ஹில்ஸ்பரோவிலிருந்து பறந்த நேரத்தைவிட அதிகம் ஆகும், பொறுத்துக்கொள். பறந்த கணக்கை எழுதி வைக்கும் உன் லாக்புக்கை மறக்காமல் எடுத்து வா, பட்டறைப் பையன்கள் பார்க்கணுமாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அன்றைக்குப் பட்டறைக்கு லீவு விடணும்.

இப்படிக்கு,
உன் மாமா மகன்,
ஓசூர்