இறக்குமதியைக் கழிப்பது ஏன்?

ஆசிரியருக்கு,

'இறக்குமதி கூடினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி அந்த அளவுக்குக் குறையும்' என்று பொருளாதாரச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. தவறு. அந்த உற்பத்தியைக் கணக்கிட நுகர்வு, முதலீடு போன்ற செலவுகளைக் கூட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கணினியின் விலை, அப்படி நுகர்விலோ முதலீட்டிலோ ஏற்கெனவே கூட்டப்பட்டுவிடுகிறது. அங்கே கூட்டியதைத்தான் இறக்குமதி என்ற பெயரில் கழிக்கிறார்கள்.

அந்த இறக்குமதியை அளக்கச் சுங்கத் தரவை அப்படியே எடுத்தாள்வதும் சிக்கல்தான். பெரும்பாலான நாடுகளின் சுங்கத் தரவில் இறக்குமதி மதிப்போடு கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதியில் இருக்காது. கப்பல் சொந்த நாட்டு நிறுவனத்துடையது என்றால் அந்தக் கட்டணம் இறக்குமதியே அல்ல. அதை நீக்க மறந்தால் வணிகப் பற்றாக்குறை ஊதித் தெரியும்.

அதைவிட முக்கியம், பொருளின் உரிமை மாறியதா என்பது. 100 டாலர் துணி தைப்பதற்காக மட்டும் வெளிநாடு போய், 130 டாலர் ஆடையாகத் திரும்புகிறது, உரிமையாளர் மாறவில்லை. சுங்கப் பதிவில் 100 ஏற்றுமதி, 130 இறக்குமதி. நாடுகள் தம் பொருளாதாரத்தைக் கணக்கிடுவதற்கான ஐ.நா.வின் 2008 தேசியக் கணக்கு முறைப்படியோ 30 டாலர் தையல் கூலி மட்டுமே, அதுவும் சேவை இறக்குமதியாக. நிகரத் தொகை ஒன்றுதான். மொத்த வணிகம் 230க்கும் 30க்கும் எட்டாத தூரம்!

வணிக எண்களை வெளியிடும்போது, அவை சுங்கத் தரவா தேசியக் கணக்கா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.