அங்கே இப்போது மழையா, பாப்பா?

ஏற்காடு
14.9.2025, ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஸ்தோத்திரம்.

நான் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் சேலத்துக்கு இறங்கி ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் என் உடம்புக்குப் பாய் விரித்த மாதிரி என்று பெருமை பேசுவேன் அல்லவா, இந்த முறை பாதி வழியிலேயே பக்கத்து சீட்டு அம்மாளிடம் எலுமிச்சம்பழம் வாங்கி மோந்துகொண்டு வந்தேன்.

அங்கே இப்போது மழையா?

போனில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அண்ணன் மகன் படம் எடுத்து அனுப்பிவைப்பான். அவனுக்கு என் கையெழுத்தும் புரியாது, தமிழும் எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்த ஒரு கடிதத்துக்கு அதுவும் நல்லதுதான்.

ஊரில் புதிதாக ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மிளகுக் கொடியில் சரம் நன்றாகப் பிடித்திருக்கிறது. நாகலூர்ப் பக்கம் காட்டெருமை இறங்கி யாருடைய வேலியையோ மிதித்துவிட்டதாம். மாங்காய் ஊறுகாயை இந்த வருஷம் நானே போட்டேன். உப்பு கூடிவிட்டது. அளவு யாரைக் கேட்பது என்று ஜாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையில் வந்ததை அள்ளிப் போட்டேன்.

கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிக்கொள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. நர்சுக்கே பாடமா என்று சிரிப்பாய். நர்சுகளுக்குத்தான் சொல்லவேண்டும், ஊரார் காய்ச்சலையெல்லாம் அளப்பவர்கள் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மிஷனரி லிவிங்ஸ்டன் 1859இல் உங்கள் மலாவி ஏரிக்கு வந்ததைப் பற்றி நானே எத்தனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து அவர் மனைவி மேரி சாம்பெசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. கொசுவலையைச் செருகிக்கொள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு நம் சபையில் மிஷனரி ஞாயிறு. இந்த வருஷம் திரை கட்டி உன் படத்தைச் சுவரளவு காட்டினார்கள். சித்தெஞ்சேத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு பச்சைக்குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் அந்தப் பழைய படம். நம் போதகர் ஐயர், 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதில் ஆரம்பித்து, 1827இல் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது, 1903இல் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் சொந்தக் காசில் சொந்த மிஷன் தொடங்கியது என்று படிப்படியாக ஏறி, கடைசிப் படியில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். "வாங்கிய கடனை இந்த மலையும் திருப்பிக் கொடுத்துவிட்டது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறுக்கு சுட்டு விற்ற பணத்தையும் உன் ஆஸ்பத்திரிக்கென்று காணிக்கைத் தட்டில் வைத்தார்கள்.

சீகன்பால்கைப் பற்றி ஒன்று. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான், பிரசவ வார்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்துச் சமைக்கிற பாட்டிமார்களிடம் உட்கார்ந்து சிச்சேவா கற்றாய். வெள்ளைக் களி மாதிரி ஒன்று, ன்சிமா, அதைக் கையில் உருட்டத் தெரியாமல் நீ விழித்ததையும், "நாங்கள் ராகிக் களி தின்று வளர்ந்தவர்கள்" என்று அவர்களிடம் சொன்னதையும் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் சொல்லவந்தது வேறு. அதே சீகன்பால்கு 1714இல் கப்பலேறி ஊருக்குப் போய், இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பினார். அதை எந்த மிஷனரி ஞாயிறிலும் யாரும் சொல்வதில்லை.

வழக்கம்போல் உன் ஜெபக் கடிதத்தை நான்தான் வாசித்தேன். பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, கர்ப்பிணிகளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்துகிறார்கள், மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, இந்த மழையிலும் கர்த்தர் நடத்துகிறார் என்று எழுதியிருந்தாய். சபையில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது அல்லவா. எனக்கு மட்டும் நாக்கு இடறியது. "இந்தக் குளிரிலும் கர்த்தர் நடத்துகிறார்" என்று வாசித்தேன். மக்காச்சோள வரியை விட்டுவிட்டேன்.

உன் அறையில் மாட்டியிருக்கும் ஆப்பிரிக்கப் படத்துக்குக் கீழே நான் எழுதிவைத்திருக்கிறேன்: மழை நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, அறுவடை ஏப்ரல், மே. ஆகஸ்டில் அங்கே வயலில் காய்ந்த தட்டைதான் நிற்கும். முலாஞ்சே மலையடிவாரத்தில் குளிர்காலத்திலும் சிப்பெரோனி என்று ஒரு சாரல் மூடிக்கொள்ளும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுவாக இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாரலுக்குப் பாலம் போகுமா?

போகட்டும். கரையான் ஏறுகிறதே என்று உன் கடிதக் கோப்பைப் பிரித்து வெயில் காட்டினேன். 2017இலிருந்து ஒன்றுகூடத் தவறாமல் வைத்திருக்கிறேன். 2022 ஜனவரியில் ஆனா என்ற புயல் அடித்தபிறகு நீ எழுதிய கடிதம் இருக்கிறதே, என்ன அருமையாக எழுதியிருக்கிறாய்! திரும்ப வாசித்தாலும் அலுக்கவில்லை. அதில் அந்த மாதம் 37 பிரசவம். இப்போது 41. அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கம் வருகிறதா என்று மட்டும்தான் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? உன்னோடு அறையில் இருந்த அந்த ஒடிசா நர்ஸ் ஊருக்குப் போனபிறகு யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? ஃப்ரெடி புயலில் நான்கு நாள் உன்னிடமிருந்து தகவல் இல்லை, அப்போதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. புயல் என்றால் லைன் இல்லை என்று தெரியும். இப்போது லைன் இருக்கிறது, மூன்று வாரமாக நீ முகம் காட்டவில்லை. எட்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளைக் கையில் வாங்குகிறவளுக்கு அப்பனிடம் ஐந்து நிமிஷம் பேச நேரமில்லை என்று நேற்று கோபம்கூட வந்தது. கொசுவலை, தண்ணீர், இரண்டையும் மறந்துவிடாதே.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. ஐயருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

1994இல் தம்பி போனான். உனக்கு ஆறு வயது. அவன் தொட்டிலை நீதான் பரணுக்கு அடியில் ஒளித்துவைத்தாய், அம்மா பார்த்தால் அழுவாள் என்று. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் நான் ஊழியத்துக்குக் கிளம்பினேன். உபதேசியார் வீட்டில் துக்கம் பத்து நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பையில் வேதாகமம், துண்டுப் பிரதிகள், அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச் சாப்பாடு. வாழவந்தி போகும் வழியில் ஒரு எஸ்டேட் வேலியோரம் சில்வர் ஓக் மரமும் அதன் கீழே ஒரு பாறையும் உண்டு. அங்கே உட்கார்ந்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை. இன்னொரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இன்னொரு தாயின் மடியில் இருக்கும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்தேன். நாட்குறிப்பில், "செம்மநத்தம். நான்கு வீடுகள். வசனம் சொல்லி ஜெபம் செய்யப்பட்டது" என்று எழுதினேன்.

ஒரு நாளல்ல. எட்டு மாதம்.

பழைய நாட்குறிப்பைப் பார்த்து எழுதுவேன். ஊர்ப் பெயரை மாற்றிப் போடுவேன். மூன்று வீட்டை ஐந்தாக்குவேன். மாதக் கடைசியில் அதை ஐயரிடம் கொடுப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில், துக்கத்திலும் தளராத ஊழியர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். அம்மா அதை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அவளோ நானோ அதை வெளியே எடுத்ததே இல்லை.

அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அது மழைக்காலம். செம்மநத்தம் போய்வந்தவன் செருப்பில் கணுக்கால்வரை சேறு இருக்கவேண்டும். என் செருப்பில் நாலு புல்தான் ஒட்டியிருக்கும். ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லைக் கல்லில் உட்கார்ந்து அந்தச் சுத்தமான செருப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள், அடியைத் திருப்பியும் தேய்த்தாள். பக்கத்து வீட்டம்மாள் ஏதோ கேட்க, "வழியெல்லாம் சேறு, பாவம்" என்றாள். பிறகு இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் தூக்கு கட்டி வைத்திருந்தாள்.

போன பிப்ரவரியில், அம்மா இறந்த அன்று, போனில் நான் உன்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அது இல்லாத ராத்திரி இல்லை. டிக்கெட் பார்த்துவிட்டேன், இரண்டு நாளில் வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்றாய். நான் என்ன சொன்னேன்? மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்ற அந்த வசனத்தைச் சொன்னேன். "உன் வார்டைப் பார், அம்மா அதைத்தான் விரும்பியிருப்பாள்" என்றேன். அவள் அப்படி விரும்பியதே இல்லை, பாப்பா. கடைசி வாரமெல்லாம் வாசல் பக்கம்தான் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். உனக்கு நான் சொன்னதை ஐயர் அடக்க ஆராதனையில் சாட்சியாகச் சொன்னார். ஜனங்கள் என்னை வந்து கட்டிக்கொண்டார்கள். அந்தச் சமயத்திலும் எனக்குள் ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. ஐஸ் பெட்டிக்கு இன்னும் இரண்டு நாள் வாடகை கொடுக்க எனக்கு வழியில்லாமல் இல்லை. அண்ணன் மகன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண் போடும் நேரத்தில் அவன் கை நடுங்கி, உனக்கு வானமும் சில்வர் ஓக் கிளையும்தான் தெரிந்ததாம். அதை மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

அங்கே துக்க வீட்டில் பெப்பானி என்று சொல்வார்கள் என்றாய். கால் மிதிபட்டாலும் அதே சொல், பிள்ளை செத்தாலும் அதே சொல் என்றாய். எனக்குத் தமிழில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. பெப்பானி, பாப்பா.

செப்டம்பர் கடிதம் எழுதவேண்டாம். அக்டோபருக்கும் வேண்டாம். சபையில் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு காலம் பொய்யாக எழுதிப் பழகியவனுக்கு, எழுதவில்லை என்ற உண்மையைச் சொல்ல என்ன கஷ்டம். உன் தலைமை நர்சிடம் லீவு கேட்டுப் பார். கேட்கப் பயமாக இருந்தால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். சர்க்கரை இருக்கிறதே, பொய்யாகாது.

மிளகு விற்ற பணம் தபால் ஆபீசில் கிடக்கிறது. பிளான்டயரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டுக்குக் காணும் என்று அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு இன்னும் கல் பதிக்கவில்லை. எல்லாரும் கேட்கிறார்கள். கல் தச்சர் இரண்டு முறை வந்து என்ன எழுதவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிறந்த தேதியும் போன தேதியும் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் இடம் விட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நம் நேரம் இரவு ஒன்பது, உனக்கு மாலை ஐந்தரை. போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஊழியச் செய்தி எதுவும் சொல்லவேண்டாம். பேச ஒன்றும் இல்லையென்றாலும் போனை வைத்துவிடாதே.

வலையைச் செருகிக்கொள்.

அப்பா

பி.கு. வரும்போது சித்தெஞ்சே ஒன்று கொண்டுவா. அம்மா கேட்டிருந்தாள், பச்சை நிறத்தில்.