புகைக்குச் சட்டம் உண்டு, சித்திரவதைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டில் செய்த குற்றத்தை நாம் விசாரிக்கலாமா என்று பேச்செடுத்தாலே எங்கள் ஈஷூன் காப்பிக்கடையில் ஒரே பதில்தான்: “ஊர் வம்பு நமக்கெதுக்குண்ணே?” சிங்கப்பூர் சின்ன நாடு, நாலு பேரோடு வியாபாரம் செய்து பிழைக்கிற நாடு என்பார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிற நாட்டுக் கப்பல் வராவிட்டால் அடுப்பு எரியாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த வம்பில் நாம் இறங்கி வெகுநாளாயிற்று.

2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. சன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருந்தோம். அப்படியும் என் மனைவிக்கு இழுப்பு நிற்கவில்லை. எதிர் புளோக் கண்ணுக்கே தெரியவில்லை. தீ மூட்டியது இந்தோனேசியாவின் சுமத்ராவில். மறு ஆண்டே எல்லை தாண்டும் புகைமூட்டச் சட்டம் வந்தது. யார் எந்த நாட்டில் கொளுத்தினாலும், புகை இங்கே வந்தால் நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், மொத்தம் 2 மில்லியன் வரை. விசாரணைக்கு வராத ஓர் இந்தோனேசிய நிறுவன இயக்குநர் மீது 2016இல் நீதிமன்ற ஆணையே வாங்கினார்கள். அவர் மறுபடி இங்கே வந்தால் பிடித்து விசாரிக்கலாம். ஜகார்த்தா கோபப்பட்டது. அதனால் கப்பல் வரத்து ஒன்றும் நின்றுவிடவில்லை.

இப்போது 2022 ஜூலைக்கு வருவோம். இலங்கை அதிபராக இருந்த கோத்தபாய ராஜபக்சே மாலத்தீவிலிருந்து இங்கே வந்து இறங்கினார், ஏறத்தாழ நான்கு வாரம் தங்கினார், தாய்லாந்துக்குப் புறப்பட்டுப் போனார். இடையில் ஒரு மனித உரிமை அமைப்பு, 2009 இலங்கை உள்நாட்டுப் போரில் ஜெனீவா உடன்படிக்கைகள் (போரில் எதைச் செய்யக்கூடாது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட விதிகள்) மீறப்பட்டதாக நம் தலைமைச் சட்ட அதிகாரியிடம் அவர்மீது புகார் கொடுத்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். உண்மை எதுவென்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் ஒன்று வேண்டும் என்கிறேன்.

நம்மிடம் 1973ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது. எந்த நாட்டவரானாலும், எங்கே செய்திருந்தாலும் இங்கே வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. சிக்கல் என்னவென்றால், அது சொல்லும் கடுங்குற்றங்கள் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானவை. சொந்த மக்கள்மீது குண்டு போட்டவருக்கு அதைப் பொருத்துவது கஷ்டம். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையிலோ நாம் சேரவே இல்லை. 1998இல் லண்டனில் பிடிபட்ட சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசேயின் வழக்கு அந்த உடன்படிக்கையின் பலத்தில்தான் நின்றது. (உடல்நிலையைக் காரணம் காட்டி 2000இல் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.)

ஜெர்மனி தயங்கவில்லை. கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அன்வர் ரஸ்லான் என்ற சிரியா உளவுத்துறை அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவரும் அகதியாக வந்தவர்தான்; அவருடைய சிறையில் அடிபட்டவர்களும் அகதிகளாய் அங்கேயே வந்து சேர்ந்திருந்தார்கள், சாட்சி சொன்னார்கள்.

கண்டவர்மீதெல்லாம் வழக்குப் போடச் சொல்லவில்லை. பெல்ஜியம் கதவை அகலத் திறந்துவைத்து, அமெரிக்காவின் புஷ், இஸ்ரேலின் ஷரோன் வரை புகார்கள் குவிந்து, அமெரிக்கா மிரட்டியதும் 2003இல் சட்டத்தைச் சுருக்கிக்கொண்டது. நமக்கு அந்த வேடிக்கை வேண்டாம். ஆள் நம் மண்ணில் இருக்க வேண்டும், தலைமைச் சட்ட அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று இரண்டு பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பூட்டுகளோடு உள்நாட்டுப் போர்க்குற்றங்களையும் சித்திரவதையையும் 1973 சட்டத்தில் சேர்த்தால் போதும்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அடுத்த மக்கள் சந்திப்பில் இதைக் கேட்கப்போகிறேன். மற்ற வாசகர்களும் தங்கள் தொகுதியில் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
கப்பல் பட்டறை மேற்பார்வையாளர் (ஓய்வு), ஈஷூன்