உழவர் சங்க ஆண்டறிக்கை: புகையிலைக் கொல்லையும் மண்ணும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அடைமழையில் மட்டும் வருகை குறைவு. நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும்போது கூட்டத்துக்கு யார் வருவார்கள்? வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரையும் படிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் கட்டிவிடுங்கள்.

இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது, உரம் எவ்வளவு கொட்டியும் வேதாரண்யம் பக்கத்துக் கொல்லைகளில் புகையிலை கனக்கவில்லையே என்பதைத்தான். உறுப்பினர்களின் கொல்லை மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வேலி ஓரத்திலும் எருக்குவியல் கிடந்த இடத்திலும் அள்ளியவர்களை மறுபடி எடுக்கச் சொன்னோம், 15 செ.மீ. ஆழம் வரை, கொல்லையின் பல இடங்களில் எடுத்துக் கலந்தால்தான் கணக்கு சரியாக வரும். கரிமச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) பெரும்பாலான கொல்லைகளில் குறைவு என்றே முடிவு வந்தது.

காரணம் நம் கண்முன் நடப்பதுதான். நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில் தங்கும்; மாடு தின்று சாணமாக வயலுக்கே திரும்பும். புகையிலை தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) சாம்பல்சத்தை அதிகம் உறிஞ்சும் பயிர். கொழுந்தைக் கிள்ளிவிடுவதால் பூவுக்கும் விதைக்கும் போகவேண்டியதும் இலைக்கே ஏறுகிறது. காரத்துக்கு அது நல்லது. ஆனால் தண்டோடு வெட்டிக் கிட்டங்கிக்கு அனுப்பியபின் கொல்லையில் மிஞ்சுவது வேர்க்கட்டைதான். நம் மணலோ எதையும் பிடித்துவைக்காது; போடும் யூரியாவில் ஒரு பங்கு, இறைக்கும் தண்ணீரோடு கீழே போகிறது.

புகையிலைக் காளான் தனித் தொல்லை. பெயர்தான் காளான், உண்மையில் இது பூக்கும் ஒட்டுண்ணிச் செடி. வேரில் ஒட்டிச் சாறு குடிக்கிற இதன் விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். பூக்குமுன் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். கிடை ஆடு (எருவுக்காக இரவில் கொல்லையில் அடைக்கும் ஆடு) மேய்ந்தால் புழுக்கை வழியே அடுத்த கொல்லைக்கும் போகும். எள்ளோ உளுந்தோ விதைத்தால் அவற்றின் வேர் இந்த விதையை முளைக்கத் தூண்டும், ஒட்ட இடம் தராது, முளைத்தது பட்டுப்போகும்.

பசுந்தாள் உரமாக மடக்கி உழுவதற்கு, சங்கத்தின் மூலம் சணப்பை, கொழிஞ்சி விதை வாங்கிக் கொடுத்தோம். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதவர்களுக்குப் பலன் தெரிந்தது. முற்றவிட்டவர்களுக்கு நார்தான் மிச்சம்.

புகையிலையையே விட்டுவிடலாம் என்று சிலர் வாதாடினார்கள். 2018 கஜா புயலில் தென்னையும் மாவும் சாய்ந்தபோது, சில மாதங்களில் காசு பார்க்க உதவியது இதுதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மை. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 17ஆம் பிரிவு புகையிலை விவசாயிகளுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டச் சொல்கிறது. அது நம் தெருவுக்கு வரும்வரை, ஒரே கொல்லையில் ஆண்டுதோறும் புகையிலை வைக்காமல் இடையில் நிலக்கடலையோ எள்ளோ போடுவது என்று முடிவாயிற்று. கையெழுத்திட்டவர்கள் பட்டியல் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது.

கிடை வேண்டுவோர் சித்திரைக்குள் பெயர் தரவும். காளான் கண்ட கொல்லையை மறைக்காமல் சொல்லவும். அங்கே ஆடு அடைக்கப்படாது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்