ஹாரன் அடிக்காத பொக்லைன்களின் முதலாளிகளுக்கு

சென்னையில் பொக்லைன், ஜேசிபி, லோடர் வாடகைக்கு விடும் முதலாளிகளுக்கு வணக்கம்.

இந்த வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் விடியும் முன்பே உங்களிடமிருந்து போன் வந்துவிடும். ஹாரன் அடிக்கவில்லை என்று மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. வேறு வேலைக்குப் போகும்போது, "அப்படியே அதையும் பாருங்கண்ணே" என்று ஆபரேட்டர் சொன்னால்தான் உண்டு. ஹாரன் இல்லாமலும் வண்டி ஓடும், வாடகையும் வரும். அதுதான் காரணம்.

அப்படியே பார்க்கச் சொன்னாலும், "புதுசு ஒன்று வாங்கி மாட்டிவிடு" என்கிறீர்கள். பல வண்டிகளில் கோளாறு ஹாரனில் இருப்பதே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள். கத்தினால் ஹாரன் நல்ல ஹாரன், கோளாறு லைனில். முதலில் நான் பார்ப்பது எர்த், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பிராக்கெட் போல்ட் துருப்பிடித்திருக்கும், அல்லது வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர் அதன் மேலேயும் சேர்த்து அடித்திருப்பார். எண்ணூர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். எமரி தாளில் தேய்த்து இறுக்கினால் சரியாகிவிடும், பைசா செலவில்லை. அப்புறம் பட்டன். சேற்றுக் கையோடு அழுத்தி அழுத்தி உள்ளே மண் ஏறியிருக்கும். லோடரில் நடுவே மடங்கும் இடத்தில் வயர் நசுங்கும். ஃபியூஸ் அடிக்கடி போனால் எங்கோ வயர் உரசுகிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஒருநாள் வயரிங்கே எரியும்.

ஹாரனே கெடுவதும் உண்டு. வாய் மேலே பார்க்கிற மாதிரி மாட்டினால் மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே நிற்கும், அதிர வேண்டிய தகடு துருவேறிவிடும். வாட்டர் சர்வீஸில் பம்பை நேராக அதன் மேலேயே பிடிக்கிறார்கள். இன்னொன்று, ஜேசிபி பெரும்பாலும் 12 வோல்ட், பெரிய பொக்லைன் 24 வோல்ட். அவசரத்துக்குக் கையில் கிடைத்த 12 வோல்ட் ஹாரனைப் பெரிய வண்டியில் மாட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்துபோகும். இப்படி எரிந்த ஹாரனுக்கு ஆபரேட்டர் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம்.

பொக்லைனில் கேபின் இடது பக்கம். வலது பக்கத்தை பூம், அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கை, மறைக்கும். பின்னால் பாரம் சமன் செய்யும் வெயிட் சுழலும். மழைநீர் வடிகால் பள்ளத்தில் குனிந்து மண் அள்ளுகிறவருக்கு எஞ்சின் சத்தம் பழகிப்போயிருக்கும். வண்டி திரும்பப்போகிறது என்று அவருக்குச் சொல்ல ஆபரேட்டரிடம் இருப்பது அந்தப் பட்டன் ஒன்றுதான். ஹெல்ப்பர் கத்தினால் கேட்காது.

அதனால் காலையில் ஆயில் பார்க்கும்போதே ஹாரனையும் ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி கழுவிய பிறகும், மழை விட்ட பிறகும் அப்படியே. சைட் காண்ட்ராக்டர்களுக்கும் ஒன்று: வாடகை பேசும்போது டீசல் யாருடையது, பேட்டா யார் தருவது என்றெல்லாம் பேசுகிறீர்கள். ஹாரன் அடிக்காத வண்டியை உள்ளே விடமாட்டோம் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். முதலாளியே எனக்குப் போன் போடுவார்.