சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் என் காரில் இன்ஜின் லைட் எரிந்தது, ரேடியேட்டர் ஃபேனும் நிற்காமல் சுற்றியது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, பி0118 என்ற பிழைக் குறியீடு வந்ததுமே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் போய்விட்டது என்று புதிதாக மாட்டி, அதற்குப் பணமும் வாங்கினார்கள். அன்று மாலையே லைட் மறுபடியும் எரிந்தது.

அந்தக் குறியீடு சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அந்தச் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்றுதான் சொல்கிறது, வயர் அறுந்தாலும் அதேதான் வரும்.

அப்புறம் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சென்சார் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் துண்டு வயரால் இணைத்தார். வயர் நன்றாக இருந்தால் சர்க்யூட் அறுந்திருப்பதால் ஸ்கேனர் காட்டிய மைனஸ் 40 டிகிரி சட்டென்று 100-ஐத் தாண்டி ஏறியிருக்க வேண்டும், ஆனால் அது அசையவே இல்லை. வயரைத் தடவிக்கொண்டே போனவர் பேட்டரிக்குக் கீழே நிறுத்தினார்: எலி கடித்த இடம், செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. கழற்றிப் போட்ட பழைய சென்சாரை மல்டிமீட்டரில் வைத்தால் சுமார் 2,500 ஓம், கொதிநீரில் போட்டதும் 200 சொச்சத்துக்கு இறங்கியது. சூட்டில் ஓம் இப்படி இறங்கினால் அது நல்ல சென்சார்!

ஐந்து நிமிட வேலை இது. பாகத்தை மாற்றும் முன் சர்க்யூட்டை அளந்து வாடிக்கையாளரிடம் காட்டுவதை ஒர்க்‌ஷாப்கள் வழக்கமாக்க வேண்டும், நாமும் கேட்க வேண்டும்.

ஒரு வாசகர், மதுரை